மாஹிம் சந்தில் லாஜ்வர்த்

மாஹிம் தர்காவுக்குப் போகும் சந்தில் வியாழக்கிழமை பிற்பகலே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ரோஜாப்பூத் தட்டு, பச்சை சாதர், ஊதுபத்தி, அத்தர், அல்வா என்று கடைகள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கின்றன. எதிரே வருபவருக்குத் தோளைத் திருப்பி வழிவிட்டுத்தான் நடக்க முடியும். இங்கே அடக்கமாகியிருக்கும் மகதூம் அலி மாஹிமி 1372-இல் பிறந்து 1431-இல் மறைந்தவர். குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதிய அறிஞர். அவருடைய உரூஸில் மும்பை போலீஸார் முன்னின்று சந்தனம் எடுத்து வருவது இந்த ஊரின் வழக்கம். அந்த நாட்களில் சந்துக்குள் கால் வைக்கவே முடியாது என்றார் மாமா. நாங்கள் வந்தது மோதிரக் கல் பார்க்க. வெயில் இறங்குவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று நான்தான் அவரை அவசரப்படுத்தி அழைத்து வந்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் நீலக்கல் வாங்கக் கூடாது. மஞ்சள் பல்பின் கீழே நல்ல நீலமும் கறுத்துப்போகும். வெள்ளை எல்இடி விளக்கின் கீழே சாயம் போட்ட கல்லும் எடுப்பாகத் தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாட்டுங்காவில் சலவை, இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார், குடியிருப்பது தாராவியில் 90 அடி சாலைப் பக்கம். அங்கிருந்து மாஹிம் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி மேற்கே இறங்கினால் தர்கா நடந்து போகும் தூரம்தான். தண்டவாளத்துக்குக் கிழக்கே தமிழ் கேட்கும். மேற்கே இறங்கியதும் கொங்கணியும் மராத்தியும் உருதுவும் கலந்து கேட்கும். ஆனால் நாங்கள் நின்ற கடையின் பாய் மேலப்பாளையத்துக்காரர். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு வருவது காதில் விழுந்து அவராகவே கூப்பிட்டார்.

“வாங்க அண்ணாச்சி. ஊரு எங்க?”

மாமா நாங்குநேரிப் பக்கம் என்றதும் ஸ்டூல் வந்தது. பிறகு தட்டும் வந்தது. வெள்ளி மோதிரங்கள் வரிசை வரிசையாகக் குத்தி வைத்த, வெல்வெட் ஒட்டிய தட்டு. முன்வரிசையில் சிவப்பும் பழுப்புமாக அகீக், அடுத்து ஃபிரோசா, அதற்கும் பின்னால் ஆழ்ந்த நீலத்தில் லாஜ்வர்த். ஆங்கிலக் கடைகளில் லாப்பிஸ் லசூலி என்று எழுதியிருப்பார்கள். எல்லாமே பட்டை தீட்டாமல், மேல்பக்கம் குவிந்து வழவழப்பாக இழைத்த கற்கள். ஒளி ஊடுருவாத கல்லில் பட்டை போட்டுப் பயனில்லை. உள்ளே போன ஒளி திரும்பி வந்தால்தானே மின்னுவதற்கு. இந்தக் கல்லின் அழகு முழுக்க மேற்பரப்பில் இருக்கிறது.

ஒரே தட்டில் கிடந்தாலும் அகீக்கும் லாஜ்வர்த்தும் பிறப்பில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. அகீக் நம் தக்காணத்துக் கல். 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் எரிமலைக் குழம்பு பொங்கி அடுக்கடுக்காக உறைந்து இந்த மேற்குக் கரை முழுவதும் கறுப்புப் பாறையானது. மாஹிம் கடலோரத்தில் கால் வைக்கும் பாறையும் அதே குடும்பம். அந்தப் பாறையில் காற்றுக் குமிழ் இருந்த பொந்துகளில் சிலிக்கா கரைந்த நீர் புகுந்து மெல்ல மெல்லப் படிந்ததுதான் அகீக். லாஜ்வர்த் அப்படி ஒரு பொந்தில் அமைதியாகப் படிந்த கல் அல்ல. அது உருமாறிய பாறை. ஏற்கெனவே ஒன்றாக இருந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேறொன்றாக ஆனது.

கல்லூரியில் நான் படித்தது நிலவியல். அங்கே கையில் கொடுத்த முதல் நாளிலிருந்து இந்தக் கல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம். காரணம் ஒன்றுதான். வைரம் என்றால் ஒரே கனிமம், மாணிக்கம் என்றாலும் ஒரே கனிமம். லாஜ்வர்த் ஒரு கனிமம் அல்ல, பாறை. ஒரு விரல்நகம் அளவுக் கல்லில் குறைந்தது மூன்று கனிமங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இருக்கும். நீலம் முழுக்க லாசுரைட். வெள்ளைப் படலமாக ஓடுவது கால்சைட், சலவைக்கல்லில் இருக்கும் அதே பொருள். தங்கப் பொடி தூவியதுபோல் மினுங்குவது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது.

இது எப்படி உண்டாகிறது? முதலில் கடலடியில் சுண்ணாம்புக்கல் படிய வேண்டும். மலைகள் எழும்பும்போது அந்தச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள் புதைந்து, வெந்து, சலவைக்கல்லாக மாற வேண்டும். அதோடு நின்றுவிட்டால் கட்டடத்துக்கு ஆகும் வெள்ளைக் கல் கிடைக்கும், அவ்வளவுதான். நீலம் வர சோடியமும் அலுமினியமும் சிலிக்காவும் கந்தகமும் சரியான அளவில் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். வற்றிப்போன பழைய கடல்களின் உப்புப் படிவுகளிலிருந்து சோடியமும் கந்தகமும் வந்திருக்கும் என்று கருதும் நிலவியலாளர்கள் உண்டு. இத்தனையும் ஒரே இடத்தில் கூடுவது அரிது. உலகில் நல்ல லாஜ்வர்த் கிடைக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான், ரஷ்யாவில் பைக்கால் ஏரிப் பக்கம், தென்னமெரிக்காவில் சிலி நாட்டு ஆண்டிஸ் மலை. முதலிடம் எப்போதும் பதக்‌ஷானுக்குத்தான்.

பாய் மோதிரங்களை விலை வரிசையில் குத்தி வைத்திருந்தார். ஒரு பக்கம் வெள்ளை மேகம் படர்ந்தவை. போகப் போக வெள்ளை குறைந்து, மறுகோடியில் மாசில்லாத கருநீலம்.

“வெள்ளை விழுந்தா வெல கம்மி அண்ணாச்சி. தங்கப் பொட்டு கொஞ்சமா இருந்தா நல்லது, ரொம்ப இருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் கேக்கறது இந்தப் பக்கந்தான்.”

அவர் சொன்னது உலகச் சந்தையின் கணக்கும்தான். ஜெய்ப்பூரில் இந்தக் கல்லை இழைப்பவர்களும் இப்படித்தான் தரம் பிரிப்பார்கள். விற்பவர் கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு, முக்கியமாகச் சில நூறு ரூபாயோடு இந்தச் சந்துக்கு வருகிறவருக்கு, அந்த வெள்ளையும் தங்கமும் எத்தனை பெரிய காப்பு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நீலத்தைப் போலி செய்வது எளிது. நீலத்துக்குள் சலவைக்கல் இயற்கையாகக் கரைந்து மறைவதையும், பைரைட் படிகம் ஓரம் கூர்மையாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பதையும் போலி செய்வது கடினம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் எப்போதும் என் பையில் இருக்கும். பாயிடம் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளை படர்ந்த மோதிரத்தில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு கிடையாது. நீலம் மங்கி, சாம்பலாகி, பிறகு வெள்ளையாகிறது. பைரைட் பொட்டுகள் ஒழுங்கில்லாமல், சில இடங்களில் கூட்டமாக, சில இடங்களில் நரம்புபோல் நீண்டு கிடந்தன. ஒரு பொட்டை ஒளியில் சாய்த்தால் முழுப் பொட்டும் ஒரே நேரத்தில் பளிச்சிட்டு அணைந்தது. அது படிகம். தங்கப் பூச்சால் வைத்த பொட்டு அப்படி அணைந்து எரியாது.

மறுகோடியில் இருந்த மாசில்லாத கருநீலக் கற்களில் இரண்டின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பாயிடம் நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“நானும் மொத்தமாத்தான் வாங்குதேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. தப்பா இருந்தா எடுத்து வச்சிருதேன்.”

பஞ்சில் அசிட்டோன், அதாவது நகப்பூச்சு அழிக்கும் திரவம், ஒரு சொட்டு எடுத்துக் கல்லின் அடிப்பக்கத்தில் தேய்த்தேன். மோதிரத்தின் பின்புறம் திறந்திருந்ததால் அது முடிந்தது. ஒன்றில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இன்னொன்றில் நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. சாயம் போட்ட கல். அது ஹௌலைட்டாக இருக்கலாம், மாக்னசைட்டாக இருக்கலாம். இரண்டுமே வெள்ளைக் கல், துளைகள் வழியே சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். உண்மையான லாஜ்வர்த்திலேயே வெள்ளை அதிகமானால் அதை மறைக்கச் சாயம் ஏற்றுவதும் உண்டு. ஆகவே பஞ்சில் நீலம் வந்தால் கல்லே பொய் என்று உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க வாங்குகிறவருக்கு முழு உரிமை உண்டு. பாய் அந்த மோதிரத்தைப் பிடுங்கி மேஜைக்கு அடியில் போட்டார். அவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வர எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

சோடலைட் வேறு கதை. அதற்குச் சாயம் வேண்டாம், இயற்கையிலேயே நீலம். ராஜஸ்தானில் கிஷன்கர் பக்கம் கிடைக்கிறது. லாசுரைட்டுக்கு நெருங்கிய உறவு என்பதால் கண்ணை ஏமாற்றும். ஆனால் கையில் எடுத்தால் எடை குறைவு, தங்கப் பொட்டும் அநேகமாக இருக்காது. குளியலறை டைல்ஸின் பின்பக்கம் பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக இருக்குமே, அதில் ஒரு கோடு இழுத்தால் லாஜ்வர்த் இளநீலக் கோடு போடும், சோடலைட் வெள்ளைக் கோடு போடும். இழைத்து முடித்த மோதிரக் கல்லில் யாரும் இப்படிச் செய்ய விடமாட்டார்கள். இழைக்காத துண்டு வாங்குகிறவர்களுக்கு உதவும். மணிமாலை, தஸ்பீஹ் வாங்குகிறவர்கள் துளை ஓரத்தைப் பார்த்தால் போதும். சாயம் அங்கேதான் தேங்கி நிற்கும். கல்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த கட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் பைரைட்டையும் பொடித்துத் தூவியிருப்பார்கள், ஆனால் எல்லாப் பொட்டும் ஒரே அளவில், கல் முழுவதும் சீராகப் பரவியிருக்கும். மலை அப்படிச் சீராக எதையும் செய்வதில்லை.

மாமா அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாசில்லாத கருநீலக் கல் ஒன்றை எடுத்து வெயிலில் காட்டி, “இது நம்ம துணிக்குப் போடுற நீலம் மாதிரில்லடா இருக்கு!” என்றார்.

அவர் வியப்பில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஆறாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தே அவருக்குச் சொன்னேன். பாயும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதக்‌ஷானில் கோக்சா ஆற்றின் பள்ளத்தாக்கில் சரே சங் என்ற இடத்தில் இந்தக் கல்லின் சுரங்கங்கள் இருக்கின்றன. மனிதன் இடைவிடாமல் தோண்டி வரும் மிகப் பழைய சுரங்கங்களில் அதுவும் ஒன்று. சிந்துவெளி மக்கள் அந்தக் கல்லைத் தேடி அங்கேயே போய்க் குடியேறியிருக்கிறார்கள். ஆமூ நதிக்கரையில் ஷோர்த்துகாய் என்ற அவர்களுடைய ஊரைப் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 1970-களில் தோண்டி எடுத்தார்கள். இன்றைய ஈராக்கின் ஊர் நகரத்தில் லியோனார்டு வூலி தோண்டிய அரச கல்லறைகளில், 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நகைகளிலும் யாழ்களிலும் இந்த நீலம் பதித்திருக்கிறது. எகிப்தின் துட்டன்காமன் தங்க முகமூடியில் புருவம் வரைந்திருப்பதும் இதே கல்தான். நம் பக்கம் வந்தால், இதே மஹாராஷ்டிரத்தில் அஜந்தா ஓவியங்களின் நீலத்தில் லாஜ்வர்த் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தாஜ் மஹாலின் சலவைக்கல்லில் பூவேலைக்குப் பதித்த கற்களில் இதுவும் உண்டு.

ஜான் வுட் என்ற ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியக் கடற்படை அதிகாரி, 1837-38 குளிர்காலத்தில் ஆமூ நதியின் மூலத்தைத் தேடிப் பதக்‌ஷான் வழியாகப் போனார். பாறையை எப்படி உடைத்தார்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். பாறையின் அடியில் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். பாறை நன்றாகச் சூடேறி மென்மையானதும் சம்மட்டியால் அடித்துச் செதில் செதிலாக உடைப்பார்கள். நீலம் தெரிந்ததும் அதைச் சுற்றி ஆழமாகக் குடைந்து கடப்பாரையால் நெம்பினால் நீலக் கட்டி கையில் வரும். அங்கே கல்லை நீலி, ஆஸ்மானி, சப்ஸி என்று மூன்றாகப் பிரித்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். கருநீலம், வான்நீலம், பச்சை கலந்தது. நான் இதைச் சொன்னபோது பாய் சிரித்தார். “நீலி, ஆஸ்மானி இப்பவும் அப்படித்தானே சொல்லுதோம்!”

ஓவியர்களுக்கு இந்தக் கல் வேண்டியிருந்தது பொடியாக. ஆனால் சும்மா இடித்தால் நீலம் வராது. வெள்ளையும் பைரைட்டும் சேர்ந்து சாம்பல் நிறப் பொடிதான் மிஞ்சும். அதற்கு ஐரோப்பாவில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். கல்தூளை மெழுகிலும் பிசினிலும் எண்ணெயிலும் பிசைந்து மாவு உருண்டையாக்கி, காரச் சாம்பல் நீரில் போட்டு நாள்கணக்கில் கட்டையால் பிசைவார்கள். நீலத் துகள் மட்டும் நழுவி நீரின் அடியில் படியும். வெள்ளையும் தங்கமும் உருண்டையோடு நின்றுவிடும். அப்படிக் கிடைத்ததுதான் அல்ட்ராமரைன். அதன் விலை தங்கத்தோடு வைத்துப் பேசப்பட்டது. மாதா ஓவியங்களின் மேலாடைக்கு அந்த நீலத்தைத்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. உலோகமாக இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். செம்பும் கோபால்ட்டும் நீலம் தருவதால் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் லாசுரைட்டில் நிறம் தரும் உலோகம் எதுவும் இல்லை. அலுமினியமும் சிலிக்காவும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கூடுகூடாக ஒரு கட்டமைப்பு. அந்தக் கூடுகளுக்குள் மூன்று கந்தக அணுக்கள் கைகோத்து, ஒரு எலக்ட்ரானை அதிகமாக வைத்துக்கொண்டு அடைபட்டிருக்கின்றன. அவை ஒளியில் மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கிக்கொள்கின்றன. மிச்சம் வெளியே வருவது நீலம். வெளியே தனியாக விட்டால் அந்த மூன்று அணுக்கூட்டம் நிற்காது, சிதைந்துவிடும். கல்கூட்டுக்குள் பத்திரமாக இருப்பதால்தான் பழைய ஓவியங்களின் நீலம் பல நூற்றாண்டாக வெயிலுக்கு வெளுக்காமல் இருக்கிறது.

அந்த ரகசியத்தின் ஒரு நுனி சுண்ணாம்புச் சூளையில் கிடைத்தது. 1787-இல் சிசிலியில் பயணம் செய்த கதே, அங்கே பலேர்மோ பக்கம் சுண்ணாம்புச் சூளைகளின் சுவரில் நீலமாக ஏதோ படிந்திருப்பதையும், உள்ளூர்க்காரர்கள் அதை லாஜ்வர்த்துக்குப் பதிலாக அலங்கார வேலைக்குப் பயன்படுத்துவதையும் பார்த்தார். சுண்ணாம்பு, வெப்பம், கந்தகம். மலை அடிவயிற்றில் நடந்தது சூளையில் தற்செயலாக நடந்திருக்கிறது. பிறகு பாரிஸில் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் ஒன்று 1824-இல் 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது: செயற்கையாக இந்த நீலத்தைச் செய்து காட்ட வேண்டும். 1828-இல் அதை வென்றவர் ழான்-பாத்திஸ்ட் கீமே. அதே ஆண்டு ஜெர்மனியில் டூபிங்கனில் கிறிஸ்டியன் கிமெலினும் ஒரு முறையை வெளியிட்டார். சீனக் களிமண், சோடா உப்பு, கந்தகம், கொஞ்சம் கரிப்பொருள். இவற்றை அரைத்து, காற்றுப் புகாமல் சூளையில் சிவக்கச் சிவக்கச் சுட்டு, பிறகு மெல்ல ஆறவிட்டுக் காற்றுப் பட வைத்தால், பச்சையாக இருந்தது நீலமாகத் திரும்பும். தங்க விலைக்கு விற்ற நிறம், ஒரு தலைமுறைக்குள் வண்ணான் துறைக்கு வந்து சேர்ந்தது.

“அப்ப ராபின் நீலம் இதுதானா?” என்று மாமா கேட்டார்.

பொடியாகவும் கட்டியாகவும் வந்த அந்தக் காலத்து நீலம் எல்லாம் இதே அல்ட்ராமரைன்தான். சொட்டு நீலம் என்று பாட்டிலில் வருவது வேறு, அது கரையும் சாயம். பொடி நீலம் நீரில் கரைவதில்லை. மிக மெல்லிய துகளாகத் துணி இழையில் தங்குகிறது. அதனால்தான் பொடியைக் கலக்காமல் அப்படியே துணி மேல் கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்கிறது, துணிப்பையில் முடிந்து வாளி நீரில் அலசிவிட்டுத்தான் பயன்படுத்தினார்கள். பழசான வெள்ளை வேட்டி மஞ்சளிப்பது அது நீல ஒளியை விழுங்குவதால். அல்ட்ராமரைன் மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்குகிறது. இரண்டும் ஈடாகி, கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஊர் நகரத்து அரசிகளின் கழுத்து மாலையில் நிறத்தைக் கொடுத்த அதே மூன்று கந்தக அணுக்கள்தான் மாமாவின் வாளியிலும் வேலை செய்திருக்கின்றன. ஐம்பது வருஷமாகத் துணி வெளுத்த மனிதருக்கு இதை யாரும் இதுவரை சொன்னதில்லை.

இதை இன்னும் அருகில் காட்ட வேண்டும் என்று தோன்றி, தாராவிக்குத் திரும்பும் வழியில் அவரைச் சயான் வரைக்கும் கூட்டிப் போனேன். தாராவியை நெடுக்கே கடந்து சயான் ஸ்டேஷன் தாண்டிக் கிழக்கே போனால் சயான் கோட்டைக் குன்று. அதன் பக்கத்தில் 29-ஆம் எண் சாலையில் திருமலை ஹவுஸ் என்ற கட்டடம். அல்ட்ராமரைன் அண்ட் பிக்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரி அது. 1960-இல் தொடங்கிய நிறுவனம். நீலம் செய்யும் ஆலை நம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. துணிக்கு மட்டுமில்லாமல் பெயின்ட், பிளாஸ்டிக், ரப்பர், அழகுப்பொருள் என்று அல்ட்ராமரைன் போகாத தொழில் குறைவு. வேலை நேரம் முடிந்திருந்தது, வெளியில் நின்று பார்த்ததோடு சரி. “இந்தத் தெருவுல எத்தனை வீட்டுக்குத் துணி கொண்டாந்து குடுத்திருக்கேன்” என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதக்‌ஷான் மலையில் பல கோடி ஆண்டுகளில் நடந்ததை ராணிப்பேட்டையில் களிமண்ணை வைத்துச் சூளையில் செய்துவிட முடிகிறது. நிறம் மட்டும்தான் வேண்டும் என்றால் அது கிலோ கணக்கில் கிடைக்கிறது, மலிவாக. ஆகவே மாசில்லாத நீலத்துக்கு அதிக விலை, வெள்ளை விழுந்தால் குறைந்த விலை என்ற சந்தைக் கணக்கு எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. சூளையால் செய்ய முடியாதது அந்த வெள்ளையும் தங்கமும் நீலத்தோடு பின்னிக் கிடக்கும் விதத்தைத்தான். இந்தக் கல் ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்பாக இருந்தது என்பதற்கு அந்த வெள்ளைத் திட்டு கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சான்று. அதைக் குறை என்று சொல்லி ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. தர்கா சந்திலும் சரி, தாராவி நகைக்கடைகளிலும் சரி, இந்தக் கல்லைக் கேட்டு வருகிறவர்களில் பலர் சனிக்கு நீலம் போட வேண்டும் என்று ஜோசியர் சொல்லி வருகிறார்கள். இந்திரநீலம் வாங்க வசதியில்லாதவருக்கு இது மாற்று என்று கொடுக்கிறார்கள். நம்பிக்கையைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் ஒன்றின் மலிவுப் பதிப்பு மற்றொன்று அல்ல. இந்திரநீலம் குருந்தக் கல், வைரத்துக்கு அடுத்தபடி கடினமானது, மோஸ் அளவில் 9. லாஜ்வர்த் 5 அல்லது ஐந்தரை. இந்திரநீலம்போல் நினைத்து முரட்டுத்தனமாக அணிந்தால் சில மாதத்தில் பளபளப்புப் போய்விடும், பிறகு கல்லைத் திட்டுவார்கள்.

பாயிடம் கடைசியாக ஒன்று கேட்டிருந்தேன்: இந்தக் கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது? ஜெய்ப்பூர் வியாபாரியிடமிருந்து என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. தெரியாதது அவர் தவறல்ல. பதக்‌ஷானில் அந்தச் சுரங்கங்களை 2014-இல் உள்ளூர் ஆயுதக் குழு ஒன்று கைப்பற்றியது. அங்கே வெட்டும் கல்லின் வருமானம் ஆயுதம் தாங்கியவர்களின் கைக்குப் போகிறது என்று குளோபல் விட்னஸ் அமைப்பு 2016-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. வைரத்துக்கு இப்படி ஒரு பிரச்சினை வந்தபோது உலகம் கிம்பர்லி ஏற்பாடு என்று ஒரு சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது, அதில் ஓட்டைகள் இருந்தாலும். லாஜ்வர்த்துக்கு அந்த அளவுகூட இல்லை. பெட்டியோடு பிறப்பிடம் எழுதி வர வேண்டும் என்று மொத்த வியாபாரிகளிடம் கேட்க ஆரம்பிக்கிற கடைக்காரர்கள் வேண்டும். பாய் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்பார் என்றே நினைக்கிறேன்.

மாமா அத்தைக்காக வாங்கியது மோதிரம் இல்லை, டாலர். வெள்ளிக் கட்டில் நீள்வட்டக் கல், கீழ்ப் பாதியில் வெள்ளை படர்ந்து மேலே தங்கப் பொட்டு நரம்பாக ஓடுவது. மோதிரத்தைவிட டாலர்தான் இந்தக் கல்லுக்குப் பொருத்தம், கழுத்தில் கிடப்பது எதிலும் உரசாது. 90 அடி சாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அத்தை ராத்திரிக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். பிடித்துவிட்டது.

“இதப் போட்டுக்கிட்டே குளிக்கலாமாய்யா? சமையல் பண்ணலாமா?”

வெறும் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது அத்தை, உடனே துடைத்துவிட்டால் போதும் என்றேன். ஆகாதது புளியும் எலுமிச்சையும்தான். வெள்ளைப் பகுதி சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் அரிக்கும். நீலப் பகுதியும் அமிலத்துக்குத் தாங்காது. பாத்திரம் தேய்க்கும் எலுமிச்சைப் பவுடர், கழிவறை கழுவும் ஆசிட் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வெள்ளி கறுத்தால் கடையில் கொடுத்து இரசாயனத் தொட்டியில் முக்க விடக் கூடாது, அதிரும் தொட்டியிலும் போடக் கூடாது. மேலே மெழுகு பூசியிருப்பார்கள் என்பதால் அடுப்புச் சூடும் ஆகாது. தூசியைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் தூசியில் இருக்கும் மணல் கல்லைக் கீறும், முதலில் தண்ணீரில் அலசிவிட்டு மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். அத்தரோ செண்டோ போடுவதென்றால் அதைப் போட்டுக் காய்ந்த பிறகு டாலரை மாட்டிக்கொள்ளலாம்.

“அப்ப கோயிலுக்குப் போறப்பப் போட்டுக்கிடுதேன்” என்று சொல்லி, அதைப் பீரோவில் வைத்துவிட்டு அத்தை மறுபடியும் புளியில் கை வைத்தார்.